ஈயை அடித்தவர் செய்த தப்பு

போன வாரம் வியாழக்கிழமை, கடை மூடுகிற நேரத்துக்கு ஓர் அம்மாவும் பையனும் வந்தார்கள். பையன் எட்டாவது படிக்கிறான். அறிவியல் நோட்டில் படம் வரைந்த நான்கு பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். நோட்டை வாங்கிக் கண்ணாடி மேல் கவிழ்ப்பதற்குள் அந்த அம்மா ஆரம்பித்துவிட்டார். "சொந்தமா ஒரு வரி எழுதத் தெரியல மேடம். பக்கத்து வீட்டுப் பையன் நோட்டைப் பார்த்து ஈயடிச்சான் காப்பி அடிச்சு வச்சிருக்கான். அவன் தப்பா எழுதினதையும் சேர்த்து எழுதியிருக்கான்."

என்ன தப்பு என்று பார்த்தேன். ஒளிச்சேர்க்கை பாடம். நோட்டு முழுக்க 'ஒலிச்சேர்க்கை' என்று இருந்தது. ளி இருக்க வேண்டிய இடத்தில் லி வந்து, வெளிச்சம் சத்தமாகிவிட்டது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததுமே டீச்சர் கண்டுபிடித்துவிட்டாராம். மொத்தப் பாடத்தையும் திருப்பி எழுதச் சொல்லிவிட்டார்.

பையன் திட்டு எல்லாவற்றையும் தலை குனிந்து வாங்கிக்கொண்டான். கடைசியில் மெதுவாக, "ஈயடிச்சான்னா என்னம்மா?" என்று கேட்டான். அந்த அம்மா ஒரு நொடி யோசித்துவிட்டு, "அதெல்லாம் அப்படித்தான் சொல்றது" என்றார். எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது என்று சொல்லி, மெஷின் சூடாகும் நேரத்தில் அவனுக்குச் சொன்னேன். எங்கள் வீட்டில் அது வெறும் திட்டு வார்த்தை இல்லை. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் கோர்ட்டில் நகல் எழுதியவர்.

கதை பலருக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரன் காலத்து ஆபீஸ் ஒன்றில் ஒரு குமாஸ்தா. கணக்கு நோட்டு ஒன்றை அச்சு அசலாக நகல் எடுக்கச் சொல்கிறார் துரை. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது என்று உத்தரவு. குமாஸ்தா பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டே போகிறார். ஒரு பக்கத்தில், என்றைக்கோ நோட்டை மூடும்போது நடுவில் மாட்டிச் செத்த ஈ ஒன்று காய்ந்து ஒட்டியிருக்கிறது. குமாஸ்தா பேனாவைக் கீழே வைக்கிறார். காத்திருந்து ஓர் ஈயை அடிக்கிறார். அதே பக்கத்தில் அதே இடத்தில் ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறார். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும். சிலர் கணக்குப்பிள்ளை என்பார்கள், சிலர் ரைட்டர் என்பார்கள். ஈ மட்டும் மாறாது.

'ஈயடிச்சான்' என்ற சொல்லுக்கு ஈயை அடித்தவன் என்று அர்த்தம். ஒரு முழு வாக்கியத்தையே ஆளுக்குப் பெயராக வைத்து, அதைக் காப்பிக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். 'ஈயடித்தான் காப்பி' என்று யாரும் திருத்தி எழுதுவதில்லை, எழுதினால் நன்றாகவும் இருக்காது. ச்சா வந்தால்தான் அது அந்தச் சொல். எங்கள் டெல்டா பக்கத்தில் காப்பி என்றால் முதலில் டபரா டம்ளர்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் 'அடிச்சான்' என்று சேர்ந்துவிட்டால் யாரும் குழம்புவதில்லை.

பார்த்துச் செய்வதற்குத் தமிழில் எத்தனை சொல் புழங்குகிறது என்று நான் கடையில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளைப் பார்த்தால் காப்பி அடித்தான். துண்டுச்சீட்டைப் பார்த்தால் பிட் அடித்தான். மெட்டையோ கதையையோ எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டால் சுட்டுவிட்டான். எடுத்ததை முன்பின்னாகப் புரட்டி அடையாளம் தெரியாமல் செய்தால் உல்டா. எதையும் மாற்றாமல் முழுசாக எடுத்தால் அட்டக்காப்பி. தனக்கு ஒத்துவராததைப் பெரிய ஆளைப் பார்த்துச் செய்து சிரமப்பட்டால் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. ஈயடிச்சான் காப்பி இவை எதுவும் இல்லை. அதில் திருட்டு முக்கியம் இல்லை, பெருமையும் முக்கியம் இல்லை. எது எழுத்து, எது எழுத்தில்லாதது என்று பார்க்காமல் எடுப்பதுதான் அதன் உயிர். அதனால்தான் தப்பும் கூடவே வர வேண்டும். தப்பு கூட வராத காப்பியை ஈயடிச்சான் காப்பி என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. இப்போது ஒரு போஸ்டர் இன்னொரு போஸ்டர் மாதிரி இருந்தாலே அந்தச் சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். அதற்கு அட்டக்காப்பி போதும்.

அப்பாவுக்கு வருகிறேன். அவர் உத்தியோகத்துக்குக் காப்பியிஸ்ட் என்று பெயர். தீர்ப்பு, டிக்ரி, சாட்சி வாக்குமூலம், கட்சிக்காரர்கள் போட்ட பத்திரம் என்று எதற்காவது சான்றிட்ட நகல் வேண்டும் என்றால் மனுப் போடுவார்கள். எத்தனை பக்கம் வரும் என்று பார்த்து ஸ்டாம்ப் பேப்பர் கேட்பார்கள். வந்ததும் அப்பா எழுதுவார், பிற்பாடு டைப் அடிப்பார். மனுப் போட்ட தேதி, ஸ்டாம்ப் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி என்று வரிசையாக நகலிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அந்தத் தேதிகள் சும்மா இல்லை. அப்பீல் போடுவதற்கான கெடுவைக் கணக்குப் பார்க்கும்போது, நகல் வாங்குவதற்கு ஆன நாட்களைக் கழித்துவிட வேண்டும் என்பது 1963ஆம் வருஷத்து லிமிட்டேஷன் சட்டம், 12ஆம் பிரிவு. அப்பா அதை வாய்ப்பாடு மாதிரி சொல்லுவார். ஒரு தேதியைத் தப்பாகப் போட்டால் ஒருத்தருடைய அப்பீலே போய்விடும்.

எழுதி முடித்தால் வேலை முடிந்துவிடாது. ஒப்பு நோக்க வேண்டும். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். காப்பி செக்‌ஷன் வாசலில் டிபன் கேரியரோடு நிற்கும்போது உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வரும். ஒருவர் அசலைப் பார்த்து உரக்கப் படிப்பார். இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். "மேற்படி பிரதிவாதி கமா தன்னுடைய சொந்தச் சுவாதீனத்தில் இருந்துவரும் அடைப்பு ஆரம்பம் அ ஷெட்யூல் அடைப்பு முடிவு சொத்தை..." ஏற்ற இறக்கமே இருக்காது. யாரோ வீட்டைப் பறிகொடுத்த கதையாக இருக்கும், யாரோ அண்ணன் தம்பி பிரிந்த கதையாக இருக்கும். கமாவும் புள்ளியும் அதே குரலில் வரும். பத்து வயதில் எனக்கு அது கோயிலில் மந்திரம் சொல்வது மாதிரி இருந்தது.

அசலில் எழுத்துப்பிழை இருந்தால் அப்பா அதை அப்படியே எழுதுவார். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'அசலில் உள்ளபடி' என்று குறிப்பார். அப்போதுதான் படிப்பவருக்கு, பிழை எழுதியவருடையது, நகல் எடுத்தவருடையது இல்லை என்று தெரியும். மை சிந்தியிருந்தால் சிந்தியிருக்கிறது என்பார். கிழிந்திருந்தால் கிழிந்திருக்கிறது என்பார். ஊகித்து ஓர் எழுத்துகூடப் போட மாட்டார்.

இதையெல்லாம் பார்த்தே வளர்ந்தேன். இருந்தும் அதன் அர்த்தம் எனக்கு விளங்க, நானே ஒரு தப்புப் பண்ண வேண்டியிருந்தது.

கடை ஆரம்பித்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். டைப்பிங், டி.டி.பி., ஜெராக்ஸ் மூன்றும் நானே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். நீல மை பழுப்பாகி, மடிப்பு மடிப்பாக நைந்து போயிருந்தது. ஜெராக்ஸ் போட்டால் பாதி எழுத்து விழவில்லை. வக்கீல் படிப்பதற்கு டைப் அடித்துக் கொடுங்கள் என்றார். சொத்து விவரம் வந்தது. குழிக் கணக்கு, நான்கெல்லை. ஓரிடத்தில் வாய்க்கால் மனைக்குக் கீழண்டையில் இருந்தது. அதே வாய்க்கால் அதே மனைக்கு இரண்டு பக்கம் தள்ளி மேலண்டையில் இருந்தது. ஒரே வாய்க்கால் கிழக்கிலும் மேற்கிலும் எப்படி இருக்கும்? எழுதியவர் கை தவறியிருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டையும் கீழண்டை என்று ஆக்கினேன். இன்னும் ஒன்றும் செய்தேன். ஒரே ஆளை ஓரிடத்தில் அய்யாக்கண்ணு என்றும் இன்னோர் இடத்தில் ஐயாக்கண்ணு என்றும் எழுதியிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக்கினேன். சுத்தமாக அடித்துக் கொடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

மூன்றாம் நாள் வக்கீலே கடைக்கு வந்துவிட்டார். கோபமாகக்கூடப் பேசவில்லை. நான் அடித்த தாளைக் கவுண்டர் மேல் விரித்து, கீழண்டை என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "அம்மா, இந்தத் தப்புதான் கேஸே. இதை நீங்க சரி பண்ணிட்டா நான் எதைக் காட்டி வாதாடுறது?"

அந்த மேலண்டையை நம்பித்தான் அடுத்த வீட்டுக்காரர் வேலி போட்டிருக்கிறார். பெரியவரின் பக்கம், அது எழுதியவர் கைப்பிழை, பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும் என்று கேட்கிறது. பிழை இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சி பிழைதான். அதை நான் சொத்து விவரத்திலிருந்து துடைத்து எடுத்திருந்தேன். நல்லவேளை, அவர் அசலோடு வைத்துப் பார்த்ததால் தெரிந்தது. பணம் வாங்காமல் திருப்பி அடித்துக் கொடுத்தேன். பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, "பரவால்லம்மா" என்றார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன். ரிட்டையர் ஆகித் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். முழுசாகக் கேட்டுவிட்டு, "எழுதினது யாரோ, திருத்த நீ யாரு?" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "அப்போ ஈயடிச்சான் மாதிரி கண்ணை மூடிக்கிட்டு அடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டேன். வாழ்நாள் முழுக்க நகல் எழுதிய மனுஷரிடம் கேட்கக்கூடாத கேள்வி. கேட்ட பிறகுதான் உறைத்தது.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "ஈயடிச்சான் நல்ல காப்பியிஸ்ட் இல்லம்மா. அவன் காப்பியே எடுக்கல. அந்த நோட்டுல ஒட்டியிருந்த ஈ தானா வந்து செத்த ஈ. இவன் நோட்டுல இருக்கிறது இவன் அடிச்சுக் கொண்டாந்த ஈ. ரெண்டும் ஒண்ணாயிடுமா? ஈயை விட்டுட்டு எழுதியிருந்தாலாவது அது குறையோட போயிருக்கும். அடிச்சு ஒட்டினது பொய்." 

"பின்னே என்ன செய்யணும்?"

"இவ்விடத்தில் ஒரு ஈ ஒட்டியிருக்கிறது. அப்படின்னு ஓரத்துல எழுதிட்டு, கீழ கையெழுத்துப் போட்டிருக்கணும்."

இத்தனை வருஷமாக அந்தக் கதையைக் கேட்ட யாரும், நான் உட்பட, அந்த இடத்தில் நின்று யோசித்ததில்லை. குமாஸ்தா அளவுக்கு மீறி உண்மையாக இருந்துவிட்டார் என்றுதான் நாம் நினைக்கிறோம். அப்பா கணக்கில் அவர் உண்மையாகவே இல்லை. நோட்டில் இல்லாத ஒன்றை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்தவர் அவர். நான் கீழண்டை என்று அடித்ததும் அதேதான். என் பக்கம் நியாயம் இருந்தது, அறிவு இருந்தது, அக்கறைகூட இருந்தது. ஆனால் அந்தச் சொல் பத்திரத்தில் இல்லை. நானும் ஓர் ஈயை அடித்து ஒட்டியிருந்தேன்.

நகலைப் பற்றிப் பேச்சு வந்தால் அப்பா சுந்தரர் கதைக்குப் போய்விடுவார். பெரியபுராணத்தில் அவருக்குப் பிடித்த இடம் அதுதான், பக்தியால் மட்டும் இல்லை, அது ஒரு கோர்ட் சீன் என்பதால். கல்யாணப் பந்தலில் கிழவர் வேஷத்தில் வந்த சிவபெருமான், நீ எனக்கு அடிமை, உன் தாத்தா எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று மூன்றில் ஒன்றைக் காட்டு என்கிறார்கள். அப்போது கிழவர் சொல்கிறார், அங்கே இவன் கிழித்தது படியோலை, மூல ஓலை என் கையில் இருக்கிறது என்று. பிறகு சுந்தரருடைய பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையை எடுத்துவரச் செய்து, இரண்டு எழுத்தும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஒத்துப்போகிறது. வழக்கு முடிந்தது. "900 வருஷத்துக்கு முன்னாடியே சேக்கிழார் ஒப்பு நோக்குற வேலையை எழுதி வச்சுட்டார்" என்று அப்பா சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். எங்கள் செக்‌ஷனைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது மாதிரி சொல்லுவார்.

படி என்கிற சொல் எவ்வளவு நல்ல சொல். படி எடுத்தான், படியோலை. இப்போது நாம் நகல் என்கிறோம். நகலும் அசலும் அரபியிலிருந்து உருது வழியாகக் கோர்ட் கச்சேரிக்குள் வந்து உட்கார்ந்த சொற்கள். உருதுவில் நகல் என்றால் பத்திர நகலும்தான், ஒருத்தர் மாதிரி பேசி நடித்துக் காட்டுவதும்தான். தமிழுக்கு வரும்போது நடிப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, பத்திரத்தோடு மட்டும் உள்ளே வந்திருக்கிறது.

அப்பா அடிக்கடி சொன்ன இன்னொன்று, நகலுக்கு நகல் செல்லாது என்பது. அவர் காலத்தில் இருந்த 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்திலேயே உதாரணமாகப் போட்டிருக்கிறார்கள். நகலைப் பார்த்து எடுத்த நகலை, பிறகு அசலோடு ஒப்பிட்டிருந்தால் சாட்சியமாகும். ஒப்பிடாவிட்டால் ஆகாது, முதல் நகல் அசலோடு ஒப்பிடப்பட்டிருந்தாலும் ஆகாது. நேராக அசலிடம் போய்த்தான் நிற்க வேண்டும்.

அந்தப் பேச்சுக்குப் பிறகு தஞ்சாவூர் சரசுவதி மகாலுக்குப் போனபோது, கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஓலைகளை நான் வேறு மாதிரி பார்த்தேன். முன்பு பழசு என்று பார்த்துவிட்டு நகர்ந்தவள், இந்தத் தடவை யாரோ ஒருத்தர் கை வலிக்க எழுதியது என்று பார்த்தேன். ஓலை சில நூறு வருஷம் தாங்கினால் அதிகம். செல்லரிப்பதற்குள் இன்னோர் ஓலைக்குப் பெயர்த்து எழுதியாக வேண்டும். சங்கப் பாட்டு நம் கைக்கு வந்திருக்கிறது என்றால் எத்தனை முறை பெயர்த்து எழுதப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். அத்தனை பேரும் காப்பியிஸ்டுகள்.

அந்த வேலை லேசானது இல்லை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை கிழியும். எகரம் ஏகாரத்துக்கு எழுத்தில் வித்தியாசம் தெரியாது. காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். அப்படியென்றால் 'காடு' என்று எழுதியதும் 'கரடு' என்று எழுதியதும் ஓலையில் ஒன்றுதான். 'பாவை'யும் 'பரவை'யும் ஒன்றுதான். ஒன்று பொம்மை, மற்றொன்று கடல். பெயர்த்து எழுதுகிறவர், கண்ணுக்குத் தெரிந்த வடிவத்தை அப்படியே இறக்கிவிட்டால், இரண்டு வாசிப்பும் அதற்குள் உயிரோடு இருக்கும். பின்னால் வரும் புலவர் எது சரி என்று பார்த்துக்கொள்வார். ஆனால் எழுதுகிறவர் தனக்குத் தெரிந்த அர்த்தத்துக்கு இழுத்து, ஒரு சொல்லை மாற்றிப் போட்டுவிட்டால், பழைய சொல் அத்தோடு போயிற்று. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சொலவடை உண்டு. ஏட்டைக் கெடுத்தவர்களில் அரைகுறையாகத் தெரிந்தவர்கள்தான் அதிகம் இருந்திருப்பார்கள் என்பது என் எண்ணம். ஒன்றும் தெரியாமல் கோட்டுக்குக் கோடு இழுத்தவர் செய்த கெடுதல் குறைவு. நானே அரைகுறையாகத் தெரிந்து ஒரு வாய்க்காலை இடம் மாற்றியவள்தானே.

தெரிந்தே சேர்த்தவர்களும் உண்டு. கம்பராமாயணத்தில் பிற்காலத்தார் நுழைத்த பாட்டுகளை வெள்ளிபாடல் என்கிறார்கள். பொதுவாக இடைச்செருகல். அடித்து ஒட்டிய ஈக்கள் என்றால் அவைதான்.

அதற்கு நேர் எதிராக உ.வே.சாமிநாதையரின் புறநானூற்றைச் சொல்ல வேண்டும். 1894இல் அவர் அச்சிட்டார். நானூறு பாட்டில் 267ஆம் பாட்டும் 268ஆம் பாட்டும் கிடைக்கவில்லை. இன்றைக்கும் எந்தப் புறநானூற்றை எடுத்தாலும் 266க்கு அடுத்தது 269தான். நடுவில் இருக்கும் எண்களை இழுத்து நிரப்பி 398 பாட்டு என்று ஒழுங்குபடுத்தவில்லை. சில பாட்டுகளில் அடி சிதைந்த இடத்தில் புள்ளி புள்ளியாக விட்டிருக்கிறது. அவரிடம் இருந்த தமிழுக்கு அந்த இடங்களை நிரப்புவது ஒரு பொழுது வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது. ஏட்டுக்கு ஏடு சொல் மாறினால் அதையும் பிரதிபேதம் என்று அடியில் கொடுத்துவிடுவார். 'இவ்விடத்தில் ஒரு ஈ ஒட்டியிருக்கிறது' என்பதுதான் அந்தப் புள்ளிகள். புறநானூற்றைப் புரட்டும்போது 266க்கும் 269க்கும் நடுவில் நான் கொஞ்சம் நிற்பேன். அங்கே எனக்கு அப்பா ஞாபகம் வரும்.

ஏடுகளை ஆராய்பவர்கள் பிழையை வைத்து உறவு பார்க்கிறார்கள் என்பதைப் பிற்பாடு தெரிந்துகொண்டேன். இரண்டு ஏட்டில் ஒரே இடத்தில் ஒரே வினோதமான தப்பு இருந்தால், இரண்டும் ஒரே தாய் ஏட்டிலிருந்து வந்தவை. சரியான வரிகள் ஒத்துப்போவதை வைத்து எதையும் சொல்ல முடியாது, சரியானது எல்லா ஏட்டிலும்தான் இருக்கும். தப்புதான் குடும்ப ஜாடை. அந்தப் பையனின் டீச்சர் செய்ததும் இதைத்தான். 'ஒளிச்சேர்க்கை' என்று இரண்டு நோட்டிலும் இருந்திருந்தால் அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

பையனுக்கு நான் இவ்வளவும் சொல்லவில்லை. குமாஸ்தா கதையை மட்டும் சொன்னேன். சிரித்தான். அவன் அம்மாவும் சிரித்தார். நீ பார்த்து எழுதலாம் தம்பி, ஆனால் 'ஒலி' என்ற இடத்தில் உனக்கு ஒரு நிமிஷம் கை நின்றிருக்க வேண்டும் என்றேன். எனக்குச் சந்தேகம் வந்தது ஆண்ட்டி, ஆனா அவன்தான் ஃபர்ஸ்ட் ரேங்க் என்றான். அவன் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. ஏடு எழுதியவர்களுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், முன்னோர் எழுதியது தப்பாக இருக்குமா என்று. சந்தேகம் வந்தால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவை என்று சொல்லி அனுப்பினேன்.

அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. அவர் பெட்டியில் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. அதில் தாத்தா பினாங்கிலிருந்து எழுதிய ஒரே ஒரு கடிதத்தை அப்பா நகல் எடுத்து வைத்திருக்கிறார். தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் போனவர். அப்பாவுக்கு அப்போது எட்டு வயது. 1951இல் வந்த அந்தக் கடிதத்தைப் பாட்டி சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தார். 1988 மழையின்போது எடுத்துப் பார்த்தால் பாதி செல்லரித்திருந்தது. அன்றைக்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார். அசல் இப்போது இல்லை, பொடிப்பொடியாகிவிட்டது. அந்த நோட்டுதான் இருக்கிறது.

அதில் வீட்டுக் கடிதம் என்பதற்காக அப்பா எந்தச் சலுகையும் எடுத்துக்கொள்ளவில்லை. தாத்தா 'சவுக்கியம்' என்பதைச் 'சவுக்கயம்' என்று எழுதியிருந்தால் அதுவேதான் இருக்கிறது. 'இங்கே இரண்டு சொல் செல்லரித்துவிட்டது' என்று ஓரத்தில் குறிப்பு. அந்த வரி, 'நான் வரும்போது பையனுக்கு' என்று ஆரம்பித்து அப்படியே நிற்கிறது. பையனுக்கு என்ன கொண்டுவருவதாக இருந்தார் என்று அப்பாவுக்கே தெரியாது. தாத்தா திரும்பி வரவும் இல்லை. ஒரு சட்டை, ஒரு பேனா என்று எதையாவது அவர் எழுதி வைத்திருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். எழுதவில்லை. கடைசியில் 'நகல் எழுதியவர்' என்று அப்பா கையெழுத்து. 'ஒப்பு நோக்கியவர்' என்று போட்டு, பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. அம்மா ஐந்தாவது வரை படித்தவர். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அம்மாவை உரக்கப் படிக்கச் சொல்லி அப்பா விரல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

நோட்டும் பழுப்பேறத் தொடங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதை டைப் அடித்து வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். நகலுக்கு நகல்தான், அசலிடம் போக வழியில்லை. அடித்து முடித்ததும் தம்பி மகளைக் கூப்பிட்டு, நோட்டைப் பார்த்துப் படிக்கச் சொன்னேன். கமா, புள்ளி எல்லாம் சொல்லிப் படி என்றேன். நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே வந்தேன். இரண்டாவது பக்கம் வரை சரளமாக வந்தவள் திடீரென்று நிறுத்தினாள்.

"அத்தை, இங்க தாத்தா பேரையே தப்பா எழுதியிருக்கு."

"ஆமாம்மா. பக்கத்துல இருக்கிறதையும் படி."

"அடைப்பு ஆரம்பம்" என்றாள், "அசலில் உள்ளபடி, அடைப்பு முடிவு."